பாறையின் இடது காது

தெருவில் அவளைக் காதம்மா என்றுதான் சொல்வார்கள். கடைவீதி முனையில், மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக். பத்தொன்பது வருடமாக அங்கே அவளுக்கு ஒரே வேலை, வருகிறவர்களின் காதைச் சோதிப்பது. கண்ணாடி வைத்த சின்னக் கூண்டு அறைக்குள் ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், கையில் பிடித்துக்கொள்ள ஒரு பொத்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளும் அவளுடைய இயந்திரமும். சத்தம் கேட்டால் உள்ளே இருப்பவர் பொத்தானை அமுக்க வேண்டும். கேட்டதும் கேட்காததும் தாளில் கோடாக இறங்கும். வலது காதுக்குச் சிவப்பு, இடது காதுக்கு நீலம்.

காது விஷயத்தில் பொய் சொல்லாத ஆளை அவள் பார்த்ததில்லை. மனைவிமார் கையைப் பிடித்து இழுத்து வரும் கணவர்களில் பாதிப் பேருக்குப் பாம்புக் காது. மனைவியின் குரல் மட்டும்தான் விழாது. வேலைக்குச் சான்றிதழ் வாங்க வருகிறவர்கள் கேட்காததையும் கேட்டதாக அமுக்குவார்கள். பொத்தான் அமுங்குகிற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை டாக்டரம்மாவைத் தவிர யாரிடமும் மூச்சு விட மாட்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே டாக்டரம்மா சொல்லிவிட்டார், இந்த மாடியில் கேட்டது படி இறங்கக் கூடாது என்று.

சாயங்காலம் வீடு திரும்பியதும் கணவர், "இன்னிக்கு யாரு மாட்டினாங்க?" என்று கேட்பார். ஆள் யாரென்று தெரியாதபடி வெட்டி ஒட்டி, சிரிப்பான பகுதியை மட்டும் சொல்வாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்த அரைமணி நேரம்தான் விளக்கு ஏற்றிய மாதிரி இருக்கும்.

கணவர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவின் மேற்பார்வையாளர். அது சம்பளத்துக்கு. உயிர் மொத்தமும் பேட்மின்டனில். வலைக்கு மிக அருகே, எதிராளி ஓடி வருவதற்குள் செத்து விழுகிற மாதிரி ஒரு ட்ராப் போடுவார். அந்த மணிக்கட்டு வேறு யாருக்கும் கிடையாது என்று ஊரே சொல்லும். அப்படிப்பட்டவர் நகரப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஏழு முறை தோற்றிருந்தார். ஏழு முறையும் ஒரே ஆளிடம்.

அந்த ஆளுக்குப் பாறை என்று பெயர். ஒன்பது வருடமாகச் சாம்பியன். ஜெயித்தாலும் முகத்தில் ஒரு சுருக்கம் அசையாது. ஆட்டம் முடிந்ததும் வலைக்கு மேலே கை நீட்டினால், விரல் நுனி இரண்டை மட்டும் தொட்டுவிட்டு எடுத்துக்கொள்வான். "அடுத்த வருஷம் வாங்க" என்பான். அவ்வளவுதான் பேச்சு. அந்த இரண்டு விரலை அவள் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து ஏழு முறை பார்த்திருக்கிறாள். தோல்வியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், அந்த விரலைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அவள் நாத்தனார் இன்னும் ஒரு படி மேலே. பாறையின் பேச்செடுத்தாலே, "அவன் கையில கரண்ட் ஷாக் அடிக்க" என்பாள்.

அந்தப் பாறை ஒரு மதியம் கிளினிக் படியேறி வந்தான்.

தண்ணீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிற வேலை என்று சீட்டில் எழுதியிருந்தது. இடது காதில் இரைச்சல், அவ்வப்போது தலைசுற்றல். அவனுக்கு அவளைத் தெரியவில்லை. மாடத்தில் உட்கார்ந்திருக்கும் முந்நூறு முகத்தில் ஒன்றை எப்படித் தெரியும்? அவள் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் கூண்டுக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்தினாள்.

வலது காது சுத்தம். இடது காதுக்கு மாற்றியதும் பொத்தான் நின்றுபோனது. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டினாள். கண்ணாடிக்குள்ளே அவன் கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அமுக்கினான். மறுபடியும் அமுக்கினான். அவளுக்குச் சந்தேகம் தட்டியது. சத்தத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டு, இயந்திரத்தில் ஏதோ திருகுவதுபோல் சும்மா கையை வைத்தாள். அவன் அமுக்கினான்.

ஒன்பது வருடச் சாம்பியன், ஒன்றும் கேட்காத காதை வைத்துக்கொண்டு அவள் கை அசைவைப் பார்த்துக் கள்ளத்தனமாகப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கதவைத் திறந்து, "சார், கண்ணை மூடிக்கிட்டு இன்னொரு தடவை பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். அவன் தலை குனிந்துகொண்டான்.

அடுத்தது தலைசுற்றலுக்கான சோதனை. கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்க்க வேண்டும். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கும். அப்போது கண்மணி எப்படித் துடிக்கிறது என்று டாக்டரம்மா பார்ப்பார். தலையைத் தாங்கிப் பிடிப்பது அவள் வேலை. இடது பக்கம் சாய்த்ததுதான் தாமதம், அவன் கண்கள் இரண்டும் வண்டு மாதிரி சுழன்றன. அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டான். "விடாதீங்க, விழுறேன், விடாதீங்க" என்றான். விழுவதற்கு அங்கே இடமே இல்லை, கட்டிலில்தான் படுத்திருந்தான். எழுந்ததும் தட்டில் வாந்தி எடுத்தான். முதுகைத் தடவிக்கொடுத்தாள். தண்ணீர் கொடுத்தாள். டாக்டரம்மா மருந்து எழுத அடுத்த அறைக்குப் போனார்.

அவள் மணிக்கட்டில் நான்கு விரல் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அவன் அதைப் பார்த்து மன்னிப்புக் கேட்டான். அவளுக்கு இதற்குமேல் மறைக்க மனம் வரவில்லை. "எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட ஏழு தடவை ஃபைனல்ல தோத்திருக்கார்" என்றாள்.

அவன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு, அந்த முகத்தில் அவள் பார்த்தே இராத ஒன்று, சிரித்தான். "ஸ்டேடியத்துக்குத் தூரமா இருக்கட்டும்னு தேடிப் புடிச்சு இங்க வந்தேன். இந்த ஊர்ல எனக்கு வேற இடமே கிடைக்கலயா?"

அதன்பிறகு அவன் பேசப் பேச, அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். வேலையில் தொந்தரவு இல்லையாம். மீட்டர் எல்லாம் காலடியில்தான் இருக்கும், குனிந்தே பிழைப்பு ஓடிவிடும். நிமிர்ந்து பார்த்தால்தான் உலகம் சுற்றுகிறது. அவள் கணவரின் ட்ராப்பை எடுக்கப் பழக மூன்று வருடம் ஆனதாம். ஒவ்வொரு வருடமும் அந்த ஒரு மனிதருக்காகத்தான் தயாராவதாகச் சொன்னான். விரல் நுனியைப் பற்றி அவளே கேட்டாள். அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். அங்கே உட்கார்ந்திருக்கும்போதே ஈரமாக இருந்தது. பயத்தில் ஆட்டம் முழுக்கக் கை வேர்த்துக்கொண்டே இருக்குமாம். அந்த ஈரக் கையை எப்படி ஒருவர் கையில் கொடுப்பது?

இதை வெளியே சொல்லிவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். இங்கேயிருந்து எதுவும் வெளியே போகாது என்று அவள் சொன்னாள். உண்மையாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் பாறை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தார். அவள் மனதுக்குள் அவன் எப்போது அவர் ஆனார் என்று அவளுக்கே தெரியாது. தலைசுற்றலுக்கான பயிற்சிகளை அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அவர் வாயைத் திறக்காமல் செய்வார். போகும்போது, "உங்க வீட்டுக்காரர் நல்லா ஆடுறாரா?" என்று மட்டும் கேட்பார். இந்த வருடம் ஆட வேண்டாம் என்று டாக்டரம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பத்தாவது முறை ஆடிவிட்டு நிறுத்திக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டார். அரை இறுதி வரை எதிரே வந்தவர்கள் எல்லாம் அடித்து ஆடுகிற இளவட்டங்கள். பந்து தலைக்கு மேலே போகவே இல்லை. தப்பித்துக்கொண்டே வந்தார். அவர் ஜெயித்த செய்தி வரும்போதெல்லாம் தனக்குள் ஏதோ நிம்மதியாவதை அவள் கவனித்தாள். கணவருக்குத் துரோகம் செய்கிற மாதிரியும் இருந்தது.

கணவரும் இறுதிக்கு வந்துவிட்டார்; ஆட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. கணவர் ஹாலில் உட்கார்ந்து மட்டையின் கைப்பிடிக்குப் புதுத் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். வழக்கம்போல் பாறையைத் திட்டிக்கொண்டிருந்தார். "அவன் மனுசனே இல்லடி. கல்லு. அவனுக்கு வலி கிடையாது, பயம் கிடையாது."

"மனுசன்தாங்க. அவருக்கும் பயம் இருக்கு."

கணவரின் கை நின்றது. "அவரா?"

அந்த ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டாள். அங்கேயே மழுப்பியிருக்கலாம். பத்தொன்பது வருடம் மழுப்பிப் பழகியவள்தான். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. தனக்கு நடந்தது அவருக்கும் நடக்க வேண்டும். இந்த ஏழு வருடக் கசப்பு தன் நெஞ்சிலிருந்து இறங்கிய மாதிரி அவர் நெஞ்சிலிருந்தும் இறங்க வேண்டும். அதனால் சொன்னாள். காது, இரைச்சல், கட்டிலில் சாய்த்தபோது பிடித்த பிடி, ஈரக் கை, மூன்று வருடம் பழகிய ட்ராப், இந்த வருடத்தோடு நிறுத்தப் போவது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்லச் சொல்ல அவர் முகம் இளகியது. "ஐயோ பாவம்" என்றார். மட்டையைக் கீழே வைத்துவிட்டு, "நிமிந்து பாத்தாலேவா சுத்துது?" என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

"என் வாயிலருந்து இது வெளிய போகாது" என்றார். அவள் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த மூன்று வாரமும் அவர் விடிந்ததும் பயிற்சிக்குப் போய்விடுவார். வழக்கமாக மணிக்கட்டுதான் வலிக்கும். இந்த முறை தோள் வலிக்கிறது என்றார். அவள் சூடு பறக்கத் தைலம் தேய்த்துவிட்டாள். வயதாகிறது என்று கேலி செய்தாள். அவரும் சிரித்தார்.

இறுதி ஆட்டத்தன்று உள்ளரங்கில் இடமே இல்லை. கூரையில் வரிசையாக வெள்ளை விளக்குகள், கண்ணைக் கூசவைத்தன. அவளும் நாத்தனாரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். பாறை வந்தார். மாடத்தை ஒரு முறை பார்த்தார், அவளைக் கண்டதும் தலையை லேசாக அசைத்தார். நாத்தனார், "யாரைப் பாத்து ஆட்டுறான்?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றாள் அவள்.

முதல் செட்டில் கணவர் தன் வழக்கமான ஆட்டத்தை ஆடினார். ட்ராப்புக்கு மேல் ட்ராப். பாறை ஒவ்வொன்றையும் எடுத்தார். இருபத்தொன்றுக்குப் பதினான்கு. பாறை பக்கம்.

இரண்டாவது செட்டின் முதல் பந்தைக் கணவர் உயரத் தூக்கி அடித்தார். டாஸ். கூரை விளக்குகள்வரை போய்த் திரும்பியது. கைதவறிவிட்டது என்று நினைத்தாள். அவர் டாஸ் ஆடி அவள் பார்த்ததே இல்லை. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது பந்து மேலே ஏறியபோது அவள் பந்தைப் பார்க்கவில்லை, கணவரின் தோளைப் பார்த்தாள். தேய்த்துத் தேய்த்துத் தன் கையே தைல வாசனை அடித்த அந்தத் தோள், எந்தத் தயக்கமும் இல்லாமல், பழகிய பாங்கில் வீசியது. மூன்று வாரமாக அவர் எதைப் பழகினார் என்று அவளுக்குப் புரிந்தது.

பாறை நிமிர்ந்து பார்த்தார். கால் பின்னியது. மட்டை காற்றை வெட்டியது. பந்து அவருக்கு ஒரு அடி தள்ளி விழுந்தது. அடுத்த பந்துக்கு நிமிராமல், விழும் இடத்தைக் கணக்குப் போட்டுக் கடைசி நொடியில் அடிக்கப் பார்த்தார். இரண்டு முறை வாய்த்தது. பிறகு வாய்க்கவில்லை. ஒரு முறை முழங்கால் தரையில் இடிக்க விழுந்தார். மாடத்தில் சிரித்தார்கள். "வழுக்கிருச்சு பாறைக்கு" என்று நாத்தனார் கைதட்டினாள். நடுவர், ஆட முடியுமா என்று கேட்டார். பாறை தலையசைத்தார். அந்தத் தலையசைப்பிலேயே அவர் வலைக்கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அவர் விலகிக்கொண்டிருக்கலாம். விலகவில்லை. இருபத்தொன்றுக்கு ஒன்பது. கடைசி செட் இருபத்தொன்றுக்கு ஆறு. அந்த ஆறு புள்ளியையும் அவர் எப்படி எடுத்தார் என்று அவளுக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் பாறை வலைக்கு வந்து, இந்த முறை முழுக்கையையும் கொடுத்தார். கணவர் குலுக்கினார். பாறை பிறகு மாடத்தின் மூன்றாவது வரிசையைத் தேடினார். கண் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தது. அவளைக் கண்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டு, "அண்ணி, அழாதீங்க, ஜெயிச்சாச்சு" என்றாள்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் சாயங்காலத்துக்குள் கலைந்துபோனார்கள். கோப்பை சாப்பாட்டு மேஜையில் இருந்தது. கணவர் அதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்க்காமலே பேச ஆரம்பித்தார். டாஸ் ஒன்றும் தப்பான அடி இல்லை, விதியில் எங்கும் கூடாது என்று இல்லை. ஏழு வருடமாகப் பாறை தன்னுடைய பேக்ஹேண்ட் பலவீனத்தைப் பார்த்துப் பார்த்து அடிக்கவில்லையா? யாரிடமாவது தான் இந்தக் காது விஷயத்தை ஒரு வார்த்தை சொன்னதுண்டா? முதல் செட்டை நேர்மையாகத்தான் ஆடினார், அதை அவளே பார்த்தாளே.

"மூணு வாரமா தோள் வலிச்சுதே, அதுவும் நேர்மைதானா?" என்றாள்.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"உங்க பேக்ஹேண்ட அவர் கோர்ட்ல பாத்தாருங்க. இது நான் ரூமுக்குள்ள பாத்தது."

"என்ன இருந்தாலும் நீ என் பொண்டாட்டி."

"அடுத்த வருஷம் அவர் ஆடப் போறதில்லன்னு சொன்னேனே. ஒரு வருஷம் பொறுத்திருந்தா உங்களுக்குத்தானே கிடைச்சிருக்கும்?"

இப்போதுதான் அவர் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. "அவன் இல்லாத வருஷம் ஜெயிச்சு எனக்கு எதுக்கு?"

"இன்னிக்கு மட்டும் அவரையா ஜெயிச்சீங்க?"

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய மனிதர், அவள் வாயிலிருந்து விழுந்ததை மட்டையில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார் என்று தோன்றியது. "ஐயோ பாவம்" என்று அவர் சொன்னது திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. அப்போது அவர் உண்மையாகவே இரக்கப்பட்டாரா, இல்லை அந்த நிமிடமே மனதுக்குள் பந்தைத் தூக்கிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாரா? அதுதான் அவளைத் தின்றது.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா சத்தம் போடவில்லை. பாறை எழுத்தில் புகார் கொடுத்தால் தன்னால் அவளைக் காப்பாற்ற முடியாது, கொடுக்காவிட்டாலும் இதைத் தான் மறக்கப் போவதில்லை என்றார். புகார் வரவில்லை. பாறையும் வரவில்லை. குறித்துக் கொடுத்திருந்த இரண்டு தேதியும் கடந்துபோயின. டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, பாறையின் சோதனைத் தாள்கள் இருந்த ஃபைலை எடுத்துக்கொண்டு அவள் தண்ணீர் வாரிய அலுவலகத்துக்குப் போனாள்.

பழுதான மீட்டர்கள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்தில் அவருடைய மேஜை. அவளைப் பார்த்ததும் எழுந்தார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. "நான்தான் சொன்னேன்" என்றாள்.

"மூணாவது டாஸ்லயே தெரிஞ்சுது."

"மன்னிச்சிருங்கன்னு கேக்க வரல. சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஏன் சொன்னீங்க?"

மூன்று வாரமாகத் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்விதான். "எனக்குப் புடிச்ச மாதிரியே அவருக்கும் உங்களப் புடிக்கணும்னு நெனச்சேன்."

பாறை அதை யோசித்துப் பார்த்தார். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. பழையபடி அசையாமல் இருந்தது. "யாருக்கும் என்னப் புடிக்கணும்னு நான் கேக்கலயே மேடம். சொல்லாதீங்கன்னுதானே கேட்டேன்."

அவள் ஃபைலை நீட்டினாள். அவர் பிரித்து, தாள்கள் சரியாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வேறு ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்வதாகச் சொன்னார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். அது மரியாதைக்கு, அவ்வளவுதான்.

பாறை அதன்பிறகு எந்தப் போட்டிக்கும் வரவில்லை. வேறிடத்து மருத்துவத்தில் தலைசுற்றல் குறைந்துவிட்டதாகவும், இடது காது போனது போனதுதான் என்றும் டாக்டரம்மா வாயிலாகக் கேள்விப்பட்டாள். கணவர் அடுத்த வருடமும் ஜெயித்தார். அதற்கடுத்த வருடம் கல்லூரியில் படிக்கிற ஒருவனிடம் தோற்றார். அதன்பின் விளையாட்டு குறைந்தது. சாயங்காலம் அவள் வந்ததும், "இன்னிக்கு யாரு மாட்டினாங்க?" என்று கேட்பதை மட்டும் அவர் விடவில்லை. அவள், "யாரோ" என்பாள். காலப்போக்கில் அவரும் கேட்பதை நிறுத்திவிட்டார். சண்டை இல்லை. சமைத்தாள், துவைத்தாள், காய்ச்சல் வந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தைலம் மட்டும் அவரே தேய்த்துக்கொண்டார்.

நான்கைந்து வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணிகளை ஊறவைப்பதற்காக அவர் சட்டைப்பையைத் துழாவினாள். மடித்த சீட்டு ஒன்று கிடைத்தது. ஊரின் அந்தக் கோடியில், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு காது கிளினிக்கின் சீட்டு. அவர் பெயர், அவர் வயது. இரண்டு காதிலும் இரைச்சல், பேச்சு சரியாக விழவில்லை என்று எழுதியிருந்தது. இரண்டு மாதம் முந்தைய தேதி. கொஞ்ச நாளாகத் தான் கூப்பிட்டால் அவர் திரும்பாததை, வீம்பு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பத்தொன்பது வருடமும் அதற்குமேலும் ஊர்க் காதையெல்லாம் பார்த்தவள் வீட்டிலேயே இருக்க, அந்த மனிதர் இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறார். ஒரு நிமிடம் கோபம் வந்தது. பிறகு அது எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் சொன்னதை அவர்தான் மட்டையில் எடுத்துப்போனார் என்றாலும், கிளினிக் படியிறக்கியது அவள்தானே. அதை அவரும் மறக்கவில்லைபோல; தன் காதை அவளிடம் கொண்டுவரவில்லை.

சீட்டை மடித்தபடியே மேஜைமேல் தண்ணீர்க் குவளைக்கு அடியில் வைத்தாள். சட்டையை வாளியில் போட்டாள். அவர் குளித்துவிட்டு வந்து அதைப் பார்த்தார், எடுத்து வேறு சட்டையின் பைக்குள் வைத்துக்கொண்டார். அவள் எதிரே நின்று, வாய் அசைவு தெரிகிற மாதிரி நிதானமாக, சாப்பிடலாமா என்று கேட்டாள். அவர் சரி என்று தலையாட்டினார்.